ஆடிப் பயின்றோர் அடைந்த இடங்கள்: புதுவையும் அதன் ஊர்ப்புறங்களும் தரும் சான்று

1. தோற்றுவாய்

நாடகக் கல்வியைப் பற்றித் தமிழில் கிடைக்கும் பழைய சான்றுகளுள் விரிவானது சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை. மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் சோழன் அவையில் ஆடிக் காட்டினாள். அவளைப் பயிற்றியோராக ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்னும் அறுவரை இளங்கோவடிகள் முறையாக அறிமுகம் செய்கின்றார். ஒவ்வொருவரும் எத்துறையில் எத்துணைப் புலமை உடையவராதல் வேண்டும் என்பதையும் வரையறுக்கின்றார். மாணவியின் பிற்கால வாழ்வும் நமக்குத் தெரிகின்றது. தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சும் பெற்ற மாதவி, கோவலன் இறந்தபின் துறவு பூண்டு அறவண அடிகளைச் சார்ந்தாள் என்பதை மணிமேகலை வாயிலாக அறிகிறோம். ஆனால், அவ்வாசிரியர் அறுவரும் அரங்கேற்றத்துக்குப்பின் எங்குச் சென்றனர்? காப்பியம் அவர்களைப் பற்றி மீண்டும் பேசவில்லை.

காப்பியப் புலவர்க்கு அது குறையாகாது. கதைக்கு வேண்டுவனவற்றையே அவர் கூறுவார். ஆனால் நாடகக் கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவார்க்கு அஃது ஒரு பெருங்குறையேயாம். ஒரு கல்விமுறை எத்தகையது என்பதை அதன் பாடத்தைக் கொண்டு மட்டும் அறிதல் இயலாது. அதிற் பயின்றோர் யாராயினர், பயிற்றியோர் எந்நிலை எய்தினர் என்னும் இரண்டையும் அறிந்த பின்னரே அதன் பயனை மதிப்பிடல் இயலும். இவ்விரு வினாக்களையும் புதுவையையும், அதன் ஊர்ப்புறங்களாகிய வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளையும் களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புதுவையைக் களமாகக் கொண்டமைக்குக் காரணம் நான்கு. தமிழ் நாடகப் பேராசிரியர் ஒருவரின் இறுதி இடம் அந்நகரம். அதன் ஊர்ப்புறங்கள் தெருக்கூத்து வழங்கும் நடுநாட்டை ஒட்டியவை. பள்ளி ஆசிரியராய் இருந்துகொண்டே நாடகமும் எழுதிய பெருங்கவிஞர் ஒருவரும், அவர்தம் மாணாக்கருள் ஒருவரும் அம்மண்ணுக்கு உரியர். நிகழ்கலையைப் பல்கலைக்கழகப் பாடமாக்கிய முயற்சியும் அங்கு நிகழ்ந்துள்ளது. கலைக்கல்வியின் நால்வேறு வடிவங்களையும் ஓரிடத்தில் வைத்துக் காணும் வாய்ப்பு அரிதாகவே கிட்டுவதாகும்.

2. பாகூர்ச் செப்பேடு தரும் எச்சரிக்கை

பாகூர், பழைய வழக்கில் வாகூர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனது எட்டாம் ஆட்சியாண்டைச் சார்ந்த, கி.பி. 9 ஆம் நூற்றாண்டுச் செப்பேட்டுத் தொகுதி ஒன்று அவ்வூரிற் கிடைத்தது. அது வாகூரில் இருந்த வித்தியாத்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்ட செய்தியைக் கூறுகின்றது. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்பன அவ்வூர்கள். கொடைக்கு வேண்டுகோள் விடுத்த தலைவன், அரசன், ஊர்களின் எல்லை ஆகியன எல்லாம் ஏட்டிற் பதிவு பெற்றுள்ளன.

அக்கல்விச்சாலையிற் கூத்து கற்பிக்கப்பட்டது என்று கூறுவதற்கில்லை. அது வடமொழிக் கல்வி சார்ந்த நிலையம். எனினும் நம் வினாவுக்கு அச்செப்பேடு ஒரு பாடம் கற்பிக்கின்றது. ஊர் கொடுத்தவன் பெயர் செம்பில் நிலைத்தது. அவ்வூர் வருவாயால் உண்டு பயின்ற மாணவன் ஒருவன் பெயரேனும் நிலைக்கவில்லை. கல்வி நிலையங்கள் தம் சொத்தைப் பதிவு செய்யும். தம் மாணாக்கரைப் பதிவு செய்வதில்லை. இவ்வியல்பு ஆயிரம் ஆண்டுகட்குப்பின் தோன்றிய நாடக சபைகட்கும் பொருந்துதலைக் காண்போம்.

3. பாலர் சபை ஒரு பள்ளியே

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்நாட்டில் நாடகத்தை முறையாகக் கற்பித்த இடம் உயர்நிலைப் பள்ளி அன்று. ‘பாய்ஸ் கம்பெனி’ என்று மக்கள் அழைத்த பாலர் நாடக சபையே. பெயர் கம்பெனி எனினும், அதன் அமைப்பு குருகுலத்தை ஒத்தது. ஆறு, ஏழு வயதுச் சிறுவர் அதிற் சேர்க்கப்பட்டனர். உணவும் உறையுளும் சபையின் பொறுப்பு. விடியலில் எழுந்து பாட்டும், பின் வசனமும், பின் ஆட்டமும் பழகுதல் அன்றாட முறை. பயிற்றுவோர் ‘வாத்தியார்’ எனப்பட்டார். ஒரு சிறுவன் ஒரு வேடத்தை மட்டுமன்றி நாடகம் முழுவதையும் நெட்டுருச் செய்தல் வழக்கமாயிருந்தது.

இம்முறையை வளர்த்தோருள் தலைசிறந்தவர் தூத்துக்குடிச் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்ற இவர், தொடக்கத்தில் இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் முதலிய வேடங்களில் நடித்தார். பின்னர் ஆசிரியப் பொறுப்பையே மேற்கொண்டார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், அபிமன்யு சுந்தரி முதலிய நாடகங்கள் அவர் இயற்றியவை. 1910 இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918 இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் தோற்றுவித்தார்.

தமிழில் ‘ஆசிரியர்’ என்னும் சொல் நூல் இயற்றியவரையும் குறிக்கும், கற்பிப்பவரையும் குறிக்கும். சுவாமிகளிடத்து இவ்விரு பொருளும் பிரிக்க இயலாதவாறு பொருந்தின. அவர் எழுதியது கற்பிப்பதற்காகவே. கற்பித்தது தாம் எழுதியதையே. அவருக்கு வழங்கும் ‘நாடகத் தலைமையாசிரியர்’ என்னும் சிறப்புப் பெயரை இருபொருளிலும் கொள்ளுதல் தகும்.

பாலர் சபையைப் பள்ளி என்றல் பொருந்துமா என வினவுவாரும் உளர். சிறுவரைப் பெற்றோரிடமிருந்து பிரித்துப் பொருளீட்டிய நிறுவனமே அது என்பர். அக்கூற்றில் உண்மை உண்டு. சம்பளம் சிறிது, தண்டனை கடுமை, எழுத்தறிவுக் கல்வி பெரும்பாலும் இடையறவுபட்டது. பெண்மக்களுக்கு அதில் இடமில்லை. பெண் வேடமும் சிறுவரே புனைந்தனர். ஆயினும் பயிற்சிக்கு ஒரு காலம், பாடத்துக்கு ஒரு வரிசை, அப்பாடத்துக்கு ஓர் ஆசிரியர், கற்றதை அவையில் அரங்கேற்றும் கடப்பாடு என்னும் நான்கும் அமைந்த இடத்தைப் பள்ளி என்னாது வேறு என்னென்று கூறுவது? குறைகளை உடைய பள்ளி என்பதே நேரிய கூற்றாகும்.

4. மாணவர் சென்ற வழிகள்

பாலர் சபையிற் பயின்றார்க்கு வாழ்வின் திருப்பத்தை வகுத்தது பெரும்பாலும் உடலே. சிறுவனுக்குக் குரல் உடையும் பருவத்தை நாடக உலகினர் ‘மகரக்கட்டு’ என்பர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், மூன்று கட்டைச் சுருதிக்கு மேலும் பாடவல்ல குரலே நடிகனின் முதல். அக்குரல் உடைந்த நாளில் அவன் பாட்டு வேடத்தை இழப்பான்; சிற்றாளாகவோ வேறு பணியாளாகவோ சபையிலேயே தங்குவான்; இன்றேல் வெளியேறுவான். இன்றைய பள்ளி மாணவனுக்குத் தேர்வு எதுவோ, அன்றைய பாலர் சபை மாணவனுக்கு மகரக்கட்டு அது.

அத்திருப்பத்தைக் கடந்து நின்றார் சென்ற வழிகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, தாமே சபை நடத்துதல். தி.க. சண்முகம் (1912–1973) ஆறு வயதில் தம் உடன்பிறந்தாருடன் சுவாமிகளின் சபையிற் சேர்ந்தவர். ஆசிரியர் மறைந்தபோது அவருக்கு வயது பத்து. 1925 இல் உடன்பிறந்தார் கூடி மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைத் தொடங்கினர். ஔவையார் வேடத்தால் ‘ஔவை சண்முகம்’ என்றே அவர் பெயர் பெற்றார். ‘நாடகக் கலை’, ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் நூல்களால் தம் ஆசிரியரது முறையையும் தம் தோழரது வரலாற்றையும் எழுத்திற் பதிந்தார். அந்நூல்கள் இலவாயின், பாலர் சபையைப் பற்றி நாம் இன்று பேசுவனவற்றுட் பாதி இல்லையாம். ஜெகந்நாத ஐயர் குழுவில் வளர்ந்த நவாப் இராஜமாணிக்கமும் இவ்வாறே தேவி பால விநோத சங்கீத சபையை நடத்தினார்.

இரண்டாவது, திரைப்படம். தமிழ்ப் பேசும்படம் 1931 இல் தோன்றியபோது, பாடவும் தெளிவாகப் பேசவும் நெடுநேரம் உழைக்கவும் பழகிய நடிகர் கூட்டம் ஒன்று முன்னரே ஆயத்தமாயிருந்தது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் இருந்தோர் பி.யு. சின்னப்பாவும் எம்.ஜி. இராமச்சந்திரனும். சின்னப்பா குரல் உடைந்தபின் சபையை விட்டு வெளியேறிச் சிலம்பம் முதலிய பயின்று, பின்னர் ‘உத்தமபுத்திரன்’ (1940) முதலிய படங்களாற் புகழெய்தினார். இராமச்சந்திரன் 1936 இல் ‘சதி லீலாவதி’ வழியே திரைக்கு வந்து, 1977 முதல் 1987 வரை தமிழ்நாட்டு முதலமைச்சராகவும் விளங்கினார். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழுவிற் சிறுவனாய்ச் சேர்ந்த கணேசன் ‘பராசக்தி’ (1952) யில் தோன்றினார். தி.க.ச. உடன்பிறந்தார் சபையிலிருந்து என்.எஸ். கிருஷ்ணன், கே.ஆர். இராமசாமி, எஸ்.வி. சகஸ்ரநாமம், ஏ.பி. நாகராஜன் ஆகியோர் வந்தனர். இவருள் நாகராஜன் நடிகராய் நில்லாது இயக்குநராகித் ‘திருவிளையாடல்’ (1965), ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) ஆகியவற்றை எடுத்தார். சகஸ்ரநாமம் சேவா ஸ்டேஜ் என்னும் குழுவை அமைத்து மேடையையும் கைவிடாது காத்தார்.

மூன்றாவது, ‘ஸ்பெஷல் நாடகம்’. இதன் இயல்பு தனிக் கவனத்துக்குரியது. வெவ்வேறு ஊர்களில் வாழும் நடிகர், ஓர் ஊர்த் திருவிழாவிற்குத் தனித்தனியே ஒப்பந்தம் பெற்று வருவர். இராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என வேடம் பிரிந்திருக்கும். ஒத்திகை இல்லை, சிலபோது முன்னறிமுகமும் இல்லை. ஆயினும் அன்றிரவே வள்ளி திருமணத்தை விடியும் வரை நடத்துவர். இஃது எங்ஙனம் இயலும்? அனைவர்க்கும் பாடம் ஒன்று. அது சுவாமிகளின் பாடம். பள்ளி கலைந்த பின்னும் பாடத்திட்டம் கலையவில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பகுதிகளில் இந்நாடகம் இன்றும் நிகழ்கின்றது.

நான்காவது வழி, கலையை விட்டு நீங்குதல். இதனைப் பற்றி எழுதுவதற்குப் பெயர்கள் இல்லை. இருபது சிறுவர் பயின்ற ஒரு சபையிலிருந்து இருவர் பெயர் நமக்குத் தெரியுமாயின், எஞ்சிய பதினெண்மர் எங்கே என்று கேட்பதே ஆராய்ச்சி முறை. கடை வைத்தோர், உழவுக்குத் திரும்பினோர், கொட்டகையில் திரை இழுத்தோர், இளமையிலேயே மாண்டோர் என அவருட் பல திறத்தார் இருந்திருத்தல் வேண்டும். புகழ் பெற்றார்க்கும் வாழ்நாள் நீண்டதென்று கூறுவதற்கில்லை. சமரச சன்மார்க்க சபையிற் சிறுவனாய்ப் பயின்ற எஸ்.ஜி. கிட்டப்பா, தமிழகம் முழுதும் குரலால் ஆண்டு, 1933 இல் முப்பது வயது நிரம்புமுன் மறைந்தார்.

5. ஆசிரியர் சென்ற வழிகள்

மாணவர் வரலாற்றினும் ஆசிரியர் வரலாறு மங்கியது. எனினும் மூவர் முடிவுகளைக் காட்டலாம்.

பாலர் சபைகளில் நாவல்களை நாடகமாக்கிப் பயிற்றியவர் எம். கந்தசாமி முதலியார். புராணக் கதைக்கு மாற்றாகச் சமூகக் கதையை மேடைக்குக் கொணர்ந்த பெருமை அவருக்குரியது. அவர் ‘சதி லீலாவதி’க்குத் திரைக்கதை உரையாடல் எழுதினார், அவர் மகன் எம்.கே. இராதா அதில் நாயகனாய் நடித்தார். ஆசிரியரும் மாணவரும் ஒரே படத்தின் வாயிலாகத் திரையுலகிற் புகுந்தமை இதனாற் புலனாகும்.

மற்றொருவர் காளி என். இரத்தினம். காளி வேடத்தாற் பெயர் பெற்ற இவர் ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிற் சிறுவரைப் பயிற்றியவர். திரையுலகம் இவரை நகைச்சுவை நடிகராகவே ஏற்றது. ‘சபாபதி’ (1941) படத்தில் வேலைக்காரனாக அவர் நடித்தமை பலரும் அறிந்தது. பயிற்றும் திறன் திரைக்கு வேண்டப்படவில்லை. முகமும் நாவும் வேண்டப்பட்டன. ஆசிரியருக்குத் திரையுலகில் நேர்ந்த பொதுவிதி இது.

மூன்றாமவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1921 இல் வாத நோயால் தாக்கப்பட்டு அவர் பேச்சிழந்தார். எண்ணற்ற சிறுவர்க்கு நாவைப் பழக்கியவரின் நா அடங்கியது. அந்நிலையிலும் சபையை விட்டுப் பிரியாது உடன் சென்று, 1922 நவம்பர் 13 இல் புதுவையில் உயிர் நீத்தார். அவரது உடல் அந்நகரத்தை அடுத்த கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பிறந்தது தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டி; சபை கண்டது மதுரை; நிலைத்தது புதுவை. இன்றும் நாடகக் கலைஞர் ஆண்டுதோறும் அங்குச் சென்று வணங்குகின்றனர். ஊர்தோறும் திரிந்த ஆசிரியர்க்கு நிலையான முகவரியாக வாய்த்தது அக்கல்லறை ஒன்றே.

6. ஊர்ப்புறத்துக் கூத்துப் பயிற்சி

புதுவை நகரினின்று மேற்கே வில்லியனூரும் தெற்கே பாகூரும் சென்றால் வேறு வகைப் பள்ளி ஒன்றைக் காண்கிறோம். அதற்குக் கட்டடம் இல்லை. திரௌபதி அம்மன் கோயில் முன்றிலும் களத்துமேடும் அதன் வகுப்பறைகள். தொண்டை நாட்டினும் நடுநாட்டினும் வழங்கும் தெருக்கூத்து மரபு இவ்வூர்ப்புறங்கட்கும் உரியது. கூத்தில் தொழிற்குழு உண்டு. அதனை ‘ஜமா’ என்பர். அதுவன்றி, ஓர் ஊரின் இளைஞரே கூடி, வாத்தியார் ஒருவரை அழைத்துச் சில திங்கள் இரவுதோறும் பயின்று, விழாவில் அரங்கேற்றும் வழக்கமும் உண்டு. பின்னதே நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது.

பாலர் சபைக்கும் இக்கூத்துப் பயிற்சிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சபை சிறுவனை ஊரினின்றும் பிரித்தது. கூத்து இளைஞனை ஊரிலேயே வைத்துப் பயிற்றியது. அருச்சுனன் தபசில் அருச்சுனனாய் நின்றவன் மறுநாட் காலையில் ஏர் பிடித்தான். துகிலுரிதலில் துச்சாதனனாய் ஆடியவன் கொல்லுலைக்குச் சென்றான். அவனுக்குக் கலை தொழிலன்று. ஆதலின் மகரக்கட்டு அவன் வாழ்வைக் குலைக்கவில்லை. பாரதம் படித்தல், கூத்து, படுகளம் என்னும் மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்த விழாவில் அவன் ஆண்டுதோறும் மீண்டும் மாணவனாயினான்.

ஆகவே, ‘கூத்துப் பயின்றோர் எங்குச் சென்றனர்’ என்னும் வினாவிற்கு ஊர்ப்புறம் தரும் விடை, ‘எங்கும் செல்லவில்லை’ என்பதே. இவ்விடை எளிதிற் புறக்கணிக்கப்படுகின்றது. புகழையே அளவுகோலாகக் கொள்வார்க்கு ஊரிலிருந்தவன் தோற்றவனாகத் தோன்றுவான். கலை நிலைபெற்றதா என்பதை அளவுகோலாகக் கொண்டால், ஊரை விட்டு நீங்காதவனே மரபைத் தாங்கியவனாவான். அடவும் தாளமும் முகவீணையின் பண்ணும் அடுத்த தலைமுறைக்குச் சென்றமை அவன் இருந்தமையால் அன்றோ?

இம்மரபும் நகரத்துக்குச் சென்று புதிய வடிவம் பெற்றதுண்டு. செய்யாற்றை அடுத்த புரிசைக் கூத்தரின் கலையால் ஈர்க்கப்பட்ட ந. முத்துசாமி 1977 இல் சென்னையில் கூத்துப்பட்டறையை நிறுவினார். அதிற் பயின்ற பசுபதி முதலிய நடிகர் திரைப்படத்துக்குச் சென்றனர். பாலர் சபையின் பழைய பாதையே மீண்டும் திறந்தது எனலாம்.

7. வகுப்பறை வழியே சென்ற அரங்கு

பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நாடகத்தை வைத்திருந்த ஆசிரியர் ஒருவரை இனிக் காண்போம். பாரதிதாசன் (1891–1964) 1909 இல் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் ஆசிரியப் பணியேற்றுப் பல ஊர்களுக்கு மாற்றலாகி, 1946 இல் ஓய்வு பெற்றார். அவர் கவிஞர் என்பது எல்லார்க்கும் தெரியும். நாடகாசிரியர் என்பது அத்துணை நினைக்கப்படுவதில்லை. ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ 1934 இல் சென்னையில் மேடையேறியது. பள்ளிப் பணியில் இருந்துகொண்டே 1930களின் பிற்பகுதியில் திரைப்படங்களுக்குப் பாட்டும் உரையாடலும் எழுதத் தொடங்கினார். அவர்தம் ‘எதிர்பாராத முத்தம்’ 1950 இல் ‘பொன்முடி’ என்னும் படமாயிற்று. மறைந்த பின்னர்ச் சாகித்திய அக்காதெமி அவருக்கு 1969 ஆம் ஆண்டிற்குரிய பரிசை வழங்கியது கவிதை நூலுக்கன்று. ‘பிசிராந்தையார்’ என்னும் நாடகத்துக்கே. சங்கரதாஸ் சுவாமிகள் இரணியனாக நடித்த தலைமுறையை அடுத்த தலைமுறையில், அவ்விரணியனையே தலைவனாக்கி எழுதினார் ஒரு பள்ளியாசிரியர் என்பது நாடக வரலாற்றில் ஒப்புநோக்கத் தக்கது.

அவரிடம் பயின்றாருள் வாணிதாசன் (1915–1974) நம் களத்துக்கே உரியவர். பிறந்தது வில்லியனூர், வாழ்ந்தது பாகூர்ப் பகுதியிலுள்ள சேலியமேடு, தொழில் ஆசிரியப்பணி. ‘தமிழச்சி’, ‘கொடிமுல்லை’, ‘எழிலோவியம்’ முதலியன அவர் நூல்கள். ஆசிரியர் மேடையையும் திரையையும் நாடிச் சென்றார். மாணவர் வயலும் ஏரியும் சூழ்ந்த சிற்றூரில் ஆசிரியராகவே இருந்து கவி பாடினார். நிகழ்கலைஞர் என்னும் பெயர் வாணிதாசனுக்குப் பொருந்தாது. எனினும் அவர் சான்று ஓர் உண்மையை விளக்கும். ஆசிரியனிடமிருந்து மாணவன் பெறுவது ஆசிரியன் சென்ற இடத்தையன்று. அவன் சென்ற முறையை. பாரதிதாசனிடமிருந்து வாணிதாசன் கொண்டது யாப்பின் ஓசையும் மொழிப்பற்றும் ஆசிரியத் தொழிலும் ஆகும்.

8. பல்கலைக்கழக வழி

1985 இல் நிறுவப்பெற்ற புதுவைப் பல்கலைக்கழகம் பின்னர் நிகழ்கலைக்கெனத் தனிப் பள்ளி ஒன்றைத் தொடங்கி, அதற்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரையே சூட்டியது. அதனை முதற்கண் உருவாக்கும் பொறுப்பு ‘மழை’, ‘நந்தன் கதை’, ‘ஔரங்கசீப்’ முதலிய நாடகங்களை இயற்றிய இந்திரா பார்த்தசாரதியிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர்ப் பணியாற்றியோருள் கே.ஏ. குணசேகரன் (இறப்பு 2016) நாட்டுப்புறப் பாடலையும் தலித் அரங்கையும் கல்விப் பொருளாக்கியவர். ‘பலியாடுகள்’ அவர்தம் நாடகம்.

எழுத்தறிவுக் கல்வி இடையறவுபட்ட சிறுவர்க்குப் பாடம் சொன்னவரின் பெயர் முதுகலைப் பட்டம் வழங்கும் பள்ளிக்கு அமைந்தது. இது காலத்தின் மாறுதல். ஆயினும் பழைய வினா அங்கும் மாறவில்லை: பயின்றோர் எங்குச் செல்வர்? திரைப்படம், தொலைக்காட்சி, சிறு நாடகக் குழு, ஆராய்ச்சி, வேறு தொழில் என்னும் வழிகளே மீண்டும் எதிர்ப்படுகின்றன. இவற்றுள் நாம் சிறப்பாக எண்ணத்தக்கது, பள்ளிச் சிறுவரை நோக்கித் திரும்பிய வழி. அப்பல்கலைக்கழகத்து நாடகக் கல்வியினின்றும் வந்த வேலு சரவணன் ‘ஆழி’ என்னும் குழு வழியே குழந்தைகட்கு நாடகம் நிகழ்த்திப் பெயர் பெற்றவர். தி.க. சண்முகமும் முன்னர் ‘அப்பாவின் ஆசை’ போன்ற சிறுவர் நாடகத்தை மேடையேற்றினார். அவர் குழுவிற் சிறுவனாய்ப் பயிற்சி பெற்ற கமல்ஹாசன் பிற்காலத்தில் ‘அவ்வை சண்முகி’ (1996) என்று தம் படத்துக்குப் பெயரிட்டு ஆசிரியரை நினைவுகூர்ந்தார். சிறுவனாய்ப் பயின்றவன் சிறுவரிடம் மீளுதல் இக்கலைக்கல்வியின் ஓர் இயல்பு போலும்.

9. சான்றுகளின் நிலை

இதுகாறும் கூறியவற்றால் ஒரு குறை தெளிவாகும். பாலர் சபையைப் பற்றி நாம் அறிவன எல்லாம் வெற்றி பெற்றோர் எழுதிய தன்வரலாறுகள் வாயிலாக அறிந்தவையே. வென்றவன் நினைவில் தோழர் பெயர் ஒரு வரியாகவே நிற்கும். கூத்தைப் பற்றியோ அவ்வளவும் இல்லை. ஆகவே வில்லியனூர், பாகூர் முதலிய பகுதிகளில் ஆராய்ச்சி மாணவர் தொகுக்க வேண்டுவன சில உள.

கூத்து வாத்தியார்கள் கையால் எழுதிய பாட நோட்டுகள் முதலாவன. அவற்றின் முகப்பிலோ இறுதியிலோ எழுதியவர், எழுதுவித்தவர், ஊர், நாள் ஆகியன குறிக்கப்பெறுதல் உண்டு. ஏட்டுச்சுவடியின் இறுதிக் குறிப்பைப் போன்றே இவற்றையும் மதித்தல் வேண்டும். திருவிழா அழைப்பிதழ்களும் நாடகத் துண்டறிக்கைகளும் அடுத்தன; வேடமும் வேடதாரியும் அவற்றிற் பெயரளவிலேனும் பதிவாகின்றனர். பள்ளி ஆண்டு விழா மலர்களும் நிழற்படங்களும் மூன்றாவன. நான்காவதாக, முதியோர் வாய்மொழி. இது நாள்தோறும் குறைந்துவருவது. ஒரு வாத்தியார் மறையின் அவர் நினைவில் உள்ள மாணாக்கர் பட்டியல் முழுதும் உடன் மறையும். செப்பேட்டிற்கு ஆயிரம் ஆண்டு பொறுத்திருக்கும் ஆற்றல் உண்டு; நோட்டுப் புத்தகத்துக்கும் நினைவுக்கும் அஃது இல்லை.

இத்தொகுப்பு வேலையிற் புகுவோர் வினாவையும் திருத்திக் கேட்டல் வேண்டும். ‘உங்களிடம் பயின்றவருள் பெரிய ஆளானவர் யார்?’ என்று கேட்பின், ஓரிரு பெயர்களே கிடைக்கும். ‘உங்களிடம் பயின்றவருள் பிறர்க்குக் கற்பித்தவர் யார்?’ என்று கேட்பின், ஒரு மரபின் கொடிவழியே கிடைக்கும்.

10. முடிவுரை

நால்வகைக் கல்வியையும் ஒருங்கு வைத்து நோக்கின் பின்வரும் முடிவுகள் புலனாகும். பாலர் சபை மாணவரை ஊரினின்றும் பிரித்துத் திரைக்கும் மேடைக்கும் அனுப்பியது. அவருட் பெரும்பாலாரை அறியப்படாதவராக்கியது. கூத்துப் பயிற்சி மாணவரை ஊரிலேயே நிறுத்தியது. அதனாற் கலை நின்றது, பெயர் நில்லாதாயிற்று. வகுப்பறை ஆசிரியர் கலையைத் தம்மளவில் வளர்த்து, மாணவர்க்கு மொழியையும் தொழிலையும் தந்தனர். பல்கலைக்கழகம் இம்மூன்றன் பெயரையும் பொருளையும் தன்னகத்தே கொள்ள முயல்கின்றது.

நாடக உலகில் ‘வாத்தியார்’ என்னும் சொல்லின் பயணம் ஈண்டு நினைக்கத்தக்கது. கூத்துக் களத்தினும் பாலர் சபையினும் கற்பிப்பவரைக் குறித்த அச்சொல்லால், பாலர் சபை மாணவராயிருந்த எம்.ஜி. இராமச்சந்திரனைப் பிற்காலத்தில் மக்கள் அழைத்தனர். மாணவர்க்கு அப்பெயர் கிடைத்தது. அவரைப் பயிற்றிய உண்மை வாத்தியார்களுட் பலர் பெயரின்றி மறைந்தனர். மாதவியின் ஆசிரியர் அறுவர்க்கும் நேர்ந்தது இதுவே.

அவ்வறுவரையும் இனி நாம் தேடிக் காண்டல் இயலாது. பாகூர் வித்தியாத்தானத்து மாணவரையும் அங்ஙனமே. ஆனால் கருவடிக்குப்பத்துக்கு மேற்கேயும் தெற்கேயும் உள்ள சிற்றூர்களில், நோட்டுப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வாழும் முதிய வாத்தியார்களைத் தேடிக் காண்டல் இன்றும் இயலும். அப்பணியைத் தமிழ்த்துறை மாணாக்கர் மேற்கொள்வாராக.